நாற்பத்து நான்கு முட்டைக்கு ஓர் அடாப்டர்

எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே முக்கால் பாட்டில் ஸ்குரூ. நான் எதையாவது கழற்றித் திரும்ப மாட்டி முடிக்கும்போதெல்லாம் கையில் ஒன்றிரண்டு மிஞ்சிவிடும். மிக்ஸியில் நாலு, சுவர்க் கடிகாரத்தில் இரண்டு, டேபிள் ஃபேனில் ஐந்து. ஃபேன் இன்றைக்கும் ஓடுகிறது, கொஞ்சம் நடந்துகொண்டே ஓடுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டி, "இது எங்க வீட்டுக்காரரோட சம்பாத்தியம்" என்பாள். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். நாள் முழுக்கப் பழைய சங்கதியைத் தோண்டிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்குமா?

இன்குபேட்டரை வாங்கியதும் நான்தான். மனைவி நாட்டுக்கோழி வளர்க்கிறாள். போன வருடம் எங்கள் கோழிகள் எல்லாம் சேர்ந்து பேசி வைத்ததுபோல் அடைக்குப் படுக்க மறுத்துவிட்டன. நான் போனில் தேடி, ஒரு சின்ன மினி ஃபிரிட்ஜ் அளவில், முகப்பில் வெப்பநிலை காட்டும் சிவப்பு எண்களோடு ஒரு பெட்டியை வரவழைத்தேன். "இனிமே கோழிய நம்பி நாம இல்ல" என்று அதன் தலையில் தட்டி அறிவித்தேன். மனைவி அதற்குக் குஞ்சுப் பெட்டி என்று பெயர் வைத்தாள்.

செய்தி தெருவுக்குப் போனது. எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். நிலத்தை வாரத்துக்கு விடுவதுபோல எங்கள் பெண்கள் கோழியையும் வாரத்துக்கு விடுவார்கள். முட்டை உன்னுடையது, அடைகாப்பது என் கோழி, பொரிக்கிற குஞ்சில் பாதி உனக்கு, பாதி எனக்கு. எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். அந்த முறையிலேயே ஏழு வீட்டுக்காரர்கள் எங்கள் பெட்டிக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். யாருடையது எது என்று தெரிய, மனைவி பென்சிலால் ஓட்டின் மேல் அடையாளம் போட்டாள். ஒருவருக்கு வட்டம், ஒருவருக்கு முக்கோணம், எதிர்வீட்டு அக்காவுக்குக் கூட்டல் குறி. மொத்தம் நாற்பத்து நாலு. என் மனைவியின் வாக்கை நம்பி வந்த முட்டைகள். இந்தக் கடைசி வரியை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எண்களைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி மழை. இன்னும் மூன்றே நாளில் பொரிக்க வேண்டும். முந்தைய சாயங்காலம்தான் போன் லைட்டை முட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். உள்ளே இருட்டு நிறைந்திருந்தது. அந்த இருட்டு ஒரு முறை அசைந்தது. மனைவி என் கையைக் கிள்ளிவிட்டாள்.

காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல்.

"என்னங்க! பொட்டி கண்ண சிமிட்டுது!"

போய்ப் பார்த்தேன். முப்பத்து ஏழு புள்ளி ஏழில் நிற்க வேண்டிய சிவப்பு எண்கள் வருவதும் போவதுமாக இருந்தன. பெட்டிக்குப் பின்னாலிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். கரன்ட் வயருக்கும் பெட்டிக்கும் நடுவே கிடக்கிற கறுப்பு டப்பா, அதுதான் அடாப்டர், அதற்குள்ளிருந்து வந்தது. வீட்டுக் கரன்டை வாங்கிப் பன்னிரண்டு வோல்ட்டாக்கிப் பெட்டிக்குக் கொடுப்பது அதன் வேலை. பெட்டிக்குச் சூடு, விசிறி, எண்கள் எல்லாமே அந்தப் பன்னிரண்டிலிருந்துதான். அது நின்றால் எல்லாம் நின்றது.

"ஜில்லுனு ஆயிடுமா?" என்றாள்.

"மூடியே வெச்சிருந்தா ஒரு மணி நேரம் தாங்கும். தொறக்காத."

"கடைக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"ஞாயித்துக்கெழம. தஞ்சாவூர்ல அந்த மாதிரிக் கடை எல்லாம் பூட்டியிருக்கும்." சொல்லும்போதே என் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்ப நீங்க கழட்டப் போறீங்க."

"வேற வழி?"

"போர்வ எடுத்துட்டு வர்றேன், பொட்டிக்குச் சுத்த" என்று போனாள். நான் பின்னாலிருந்து, "தெருவுல யாருக்கும் சொல்லிக்க வேணாம். அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவேன்" என்றேன்.

அடாப்டரில் ஸ்குரூவே இல்லை. என் பாட்டிலுக்கு அது ஓர் ஏமாற்றம். இரண்டு பாதி பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தார்கள். இதற்குக் கதவு இடுக்குதான் சரியான கருவி. டப்பாவைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்தினேன். கடக் என்று வாய் பிளந்தது. திறந்ததும் உள்ளே கையை விடவில்லை, பத்து நிமிடம் சும்மா வைத்தேன். வயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கரன்ட் பதுங்கியிருக்கும் என்பதை ஒரு பழைய ஸ்டெபிலைசர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அது ஷாக் அடித்த அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைக் கேட்டு மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு போர்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதோடு முட்டையை மறந்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறந்துதான் போனேன்.

முதல் ஆச்சரியம், டப்பாவில் பாதி காற்று. போர்டு ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அதிரசத்தின் நிறம். அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் இடம் குறித்து, நம்பர் போட்டிருந்தார்கள். குறித்த இடத்தில் எல்லாம் உறுப்பு இருந்ததா என்றால், இல்லை! திருவையாறு ரோட்டில் வயலுக்கு நடுவே மனை போட்டிருப்பார்களே, அலங்கார வளைவு இருக்கும், தார் ரோடு இருக்கும், நம்பர் எழுதிய கல் வரிசையாக இருக்கும், வீடு மட்டும் இருக்காது, அச்சு அசல் அதேதான். இங்கே ஒரு சுருள் வர வேண்டும், வரவில்லை. அங்கே ஒரு வடிகட்டி வர வேண்டும், துளை மட்டும் இரண்டு கண்ணாக முழித்தது. ஃபியூஸ் என்று குறித்த மனையில் ஒரு வெறும் கம்பியை வளைத்துச் செருகியிருந்தார்கள். வாட்ச்மேன் நாற்காலியில் வாட்ச்மேனின் சட்டையை மட்டும் போட்டு வைத்த மாதிரி.

"ஏய், இங்க வந்து பாரேன்! ஃபியூஸே இல்ல! வெறும் கம்பி!"

"சந்தோஷப்படுற விஷயமா இது?" என்றாள் பெட்டிக்குப் போர்வை சுற்றிக்கொண்டே.

திட்ட வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் மேலும் பார்க்கப் பார்க்கக் கோபம் வரவில்லை. இத்தனையையும் வெட்டிவிட்டும் இது ஆறு மாதம் ஓடியிருக்கிறது. அப்படியானால் வெட்ட முடியாதது என்று எதை விட்டு வைத்திருக்கிறார்கள்? அதுதானே உண்மையான அடாப்டர்?

போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். செம்புப் பாதைகள். இடது பாதியில் வீட்டுக் கரன்ட், ஆளைக் கொல்கிற பக்கம். வலது பாதியில் பன்னிரண்டு வோல்ட், குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாத பக்கம். இரண்டுக்கும் நடுவே செம்பே இல்லாமல் ஒரு வெற்றுக் கோடு, வரப்பு மாதிரி. அந்த வரப்பைத் தாண்டி ஒரு செம்புப் பாதைகூடப் போகவில்லை. மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வரப்பின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கத்துக் கரன்ட் அந்தப் பக்கத்தைத் தொடாமலே தன் பலத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிற இடம் அது.

அதற்குப் பக்கத்தில்தான் அதைப் பார்த்தேன். நாலு கால், கறுப்பு, ஓர் உளுந்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். இரண்டு கால் வரப்புக்கு இந்தப் பக்கம், இரண்டு கால் அந்தப் பக்கம். பெயர் ஆப்டோகப்ளர் என்று போன் சொன்னது. அது என்ன செய்கிறது என்று படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நிஜமாகவே எழுந்துவிட்டேன்.

எங்கள் வயல் கடைமடை. வாய்க்காலின் வால். தலைமடையில் மடையைத் திறந்தால் தண்ணீர் எங்களுக்கு வந்து சேர நேரமாகும். வந்த பிறகு நிறுத்தாவிட்டால் நடவு மூழ்கும். ஆகவே நாங்கள் வரப்பில் நின்று போன் போடுவோம்: "அண்ணே, போதும், மடைய அடைங்க." கொஞ்சம் கழித்து: "அண்ணே, வத்துது, தொறங்க." இந்தச் சின்னக் கறுப்புப் பூச்சி செய்வது அச்சாக அதே வேலை! பன்னிரண்டு வோல்ட் பக்கம் கரன்ட் நிறைந்ததும் இதற்குள் ஒரு குட்டி விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தை வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண் பார்க்கிறது. பார்த்ததும் தலைமடை அடைபடுகிறது. கம்பி இல்லை, தொடுதல் இல்லை, வெறும் வெளிச்சத்தில் ஒரு போன். அதுவும் தலைமடை திறந்து மூடுவது நிமிடத்துக்கு ஒரு தரம் இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கான தரம். எங்கள் மடைக்காரரிடம் ஒரு நாளில் மூன்றாவது போன் போட்டாலே, "ஏன்யா, நான் என்ன ஒன் வீட்டு வேலக்காரனா?" என்பார்.

ஃபியூஸை எடுத்தவர்கள், வடிகட்டியை எடுத்தவர்கள், காற்றை அடைத்து விற்றவர்கள், இந்தப் போனை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க முடியாது. எடுத்தால் நடவு மூழ்கும்.

இதை எல்லாம் கையை ஆட்டி ஆட்டி மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"சரி. கடைமடையில என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க."

அப்போதுதான் வலது கோடியைப் பார்த்தேன். சின்ன உருளையாக ஒரு கெப்பாசிட்டர். எங்கள் எலக்ட்ரீஷியன்கள் கண்டென்சர் என்பார்கள். வருகிற கரன்டைத் தேக்கி அலையில்லாமல் வெளியே விடுகிற குளம் அது. தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை பணியாரம் மாதிரி உப்பி, நடுவில் வெடித்துப் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. டப்பாவைத் திறந்த யாரும் முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். நான் அதை நாற்பதாவது நிமிடத்தில் பார்த்தேன். குளம் உடைந்ததால் கரன்ட் தேங்கவில்லை, அடாப்டர் கிளம்புவதும் பயந்து நிற்பதுமாக இருந்திருக்கிறது. அந்த டிக், டிக் அதுதான்.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

என்னிடம் செத்துப் போன ஒரு செட்டாப் பாக்ஸ் இருந்தது. அதன் போர்டில் அதே அளவு கெப்பாசிட்டர். சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி, ஈயத்தை உருக்கி, அங்கே பிடுங்கி இங்கே நட்டேன். அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு, மாற்றி வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். போர்டில் அது உட்காருகிற வட்டத்தின் பாதிக்கு வெள்ளை அடித்திருந்தது. வெள்ளை நல்ல நிறம், ஆகவே பிளஸ்தான் என்று நானாக முடிவு செய்தேன். வரலாற்று ஆசிரியனின் ஆராய்ச்சி முறை.

பாதுகாப்பு முக்கியமாயிற்றே என்று இட்லிப் பானை மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, எட்ட நின்று சுவிட்சைப் போட்டேன். பெட்டியில் எண்கள் வந்தன. முப்பத்து நான்கு புள்ளி ஒன்று! "வந்துருச்சு, வந்துரு..."

டமார்.

ஏதோ மூடியில் வந்து டங்கென்று அடித்தது. புகை. கருவாட்டையும் டயரையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அந்த நாற்றம். காகிதத் துகள் என் மீசையில் உட்கார்ந்திருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு மூடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மனைவி குடையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"முட்ட குடுத்தவங்ககிட்ட சொல்லப் போறேன்."

"இரு, இன்னொரு கெப்பாசிட்டர் இருக்கு, இந்தத் தடவ திருப்பி..."

"அது அவங்க முட்ட. செத்தப்புறம் போய்ச் சொல்றதுக்கு இப்பவே சொல்லிடுறேன். நாளைக்கு நான் அந்தத் தெருவுல நடக்கணும், நீங்க ஸ்கூலுக்குப் போயிடுவீங்க."

போய்விட்டாள். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இத்தனை நேரமும் எனக்கு அது ஒரு போர்டாகவும் நாற்பத்து நாலு என்ற எண்ணாகவும் இருந்தது. அவளுக்கு அது ஏழு வீட்டு வாசல்.

பத்து நிமிடத்தில் மழையில் நனைந்த மூன்று பெண்களோடு திரும்பி வந்தாள். முன்னால் எதிர்வீட்டு அக்கா. குத்தகைக்கு நிலம் எடுத்துத் தானே பயிர் வைக்கிறவர். மோட்டார் போடுவதிலிருந்து மருந்து அடிப்பதுவரை எல்லாம் அவர்தான். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், கருவாடு வறுத்தீங்களா?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தலைமடை கடைமடை விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். பொட்டிக்கு எத்தன வோல்ட்டு வேணும்?"

"பன்னெண்டு."

"நம்ம மருந்தடிக்கிற மிஷின்லயும் பன்னெண்டுன்னுதானே எழுதியிருக்கு?"

நான் கொல்லைப் பக்கம் திரும்பினேன். முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர். தெருவில் பாதி வீட்டில் இருக்கிறது. எங்களுடையது நான் நின்ற இடத்திலிருந்து நாலு அடியில், கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன மாசம் எங்க மிஷினக் கழட்டி ரிப்பேர் பண்ணிக் குடுத்தது நீங்கதானே சார்? உள்ள பேட்டரியப் பாக்கலியா?"

"பார்த்தேன்" என்றேன். அலமாரியிலிருந்த பாட்டிலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அதில் அவர் மிஷினின் ஸ்குரூ இரண்டு இருந்தது.

பேட்டரியைக் கழற்றித் துடைத்துக் கொண்டுவந்தோம். மருந்து டாங்க் எல்லாம் வாசலிலேயே இருக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. அடாப்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற வாலை வெட்டி வயரைச் சீவினேன்.

"எது செவப்பு, எது கறுப்பு, ரெண்டு தடவ பாருங்க சார்" என்றார் எதிர்வீட்டு அக்கா. இரண்டு தடவை பார்த்தேன். மனைவி மூன்றாவது தடவை பார்த்தாள். தொட்டேன். பெட்டி கண் திறந்தது. முப்பத்து மூன்று புள்ளி நான்கு. ஐந்து பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றோம். புள்ளி ஐந்து. புள்ளி ஆறு. முப்பத்து நான்கு வந்ததும் ஒரு பெண் கை தட்டினாள். எனக்கோ விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. விசில் வராது, ஆகவே இட்லிப் பானை மூடியைத் தட்டினேன்.

ஒரு பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது. அதற்குள் அடுத்த வீட்டு மிஷின் வந்தது, அதற்கடுத்து இன்னும் இரண்டு. ஒன்று ஓட, மூன்று சார்ஜில். வாசலில் மழையில் வரிசையாக நான்கு டாங்க் நிற்பதைப் பார்த்துவிட்டு ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், வீட்டுக்குள்ள புகையானா?" என்று கேட்டார். நெற்பயிரில் விழுகிற பூச்சி அது. "இல்லீங்க, வீட்டுக்குள்ள வாத்தியார்" என்றாள் மனைவி.

திங்கள்கிழமை பள்ளி விட்டதும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் நான்கைந்து அடாப்டரை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தேன்.

"சார், வாழக்காயா வாங்குறீங்க?"

"கனமா இருக்கிறதாப் பாத்துக் குடுங்க. உள்ள வீடு கட்டியிருக்கணும்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கனமான ஒன்றைக் கொடுத்தார். கூடவே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ஃபியூஸும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து புதியதைப் பெட்டியில் மாட்டிவிட்டு, பழைய போர்டில் கெப்பாசிட்டரை இந்த முறை சரியாக வைத்தேன். வெள்ளைதான் மைனஸ். அதுவும் ஓடியது! ஃபியூஸ் மனையில் ஒரு நிஜ ஃபியூஸையும் குடியேற்றினேன். புதியதையும் ஒரே ஒரு முறை திறந்து பார்த்துவிடலாமா என்று கதவு இடுக்கைப் பார்த்தேன். மனைவி கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

புதன்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம்.

டிக்.

நின்றேன். மறுபடி, டிக். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். போன வழியில் ஸ்டூல் ஒன்று விழுந்தது. "பேட்டரி! பேட்டரியக் கொண்டா! இதுவும் போச்சு!"

மனைவி பெட்டியின் கண்ணாடி முன்னால் முழங்காலிட்டிருந்தாள். எண் முப்பத்து ஏழு புள்ளி ஏழில் அசையாமல் நின்றது. அவள் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதீங்க. அது போர்டு இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். டிக். நடு வரிசையில் ஒரு முட்டையின் ஓடு சின்ன நட்சத்திரமாக விரிந்திருந்தது. பென்சிலால் போட்ட கூட்டல் குறியின் மேலேயே விரிசல். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, யாரும் கற்றுக்கொடுக்காமல், சரியான பக்கம் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தது.

செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையில் ஸ்குரூ டிரைவரோடு நான் மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்து முகம் மாறிவிட்டது.

"என்ன சார், மறுபடியும் வெடிச்சிருச்சா?"

"ஆமாங்க்கா" என்றேன். "உங்களுதுதான் மொதல்ல!"